கல்யாணக் காரில் போனவர்

நீங்க ஜன்னல் பக்கமே இருந்துக்கிடுங்க அண்ணாச்சி. எனக்கு இந்த ஓரம்தான் தோது. காத்தா? ஆயுசு பூரா ஸ்டீரிங்குக்குப் பின்னால உக்காந்து வாங்குன காத்து போதும். ஆமா, டிரைவர்தான். அரசு பஸ்ஸு. செங்கோட்டையிலருந்து திருச்சி. ரிட்டயர்டு ஆயி ரொம்ப வருஷம் ஆச்சு. பேரு கோயில்பிச்சை, ஊரு பாளையங்கோட்டை. மதுரைக்குத்தான் போறீங்களா? நானும் அங்கதான்.

இப்ப ஒரு விசில் சத்தம் கேட்டுதா உங்களுக்கு? ஒத்தை விசிலு.

கேக்கலையா. சரி, விடுங்க. இந்தக் கண்டக்டர் பையன் கையில விசிலே இல்ல, நான் ஏறும்போதே பாத்தேன். வாயாலதான் ரைட்டு ரைட்டுங்கான். எங்க காலத்துல எல்லாம் விசிலுதான். ரெண்டு அடிச்சா போகலாம்னு அர்த்தம். ஒண்ணு அடிச்சா நிறுத்தணும். எனக்குக் கொஞ்ச நாளா ஒத்தை விசில் மட்டும் கேக்கு. பஸ்ஸுல போனாலும் கேக்கு, சர்ச்சுல முழங்கால் போட்டு இருக்கும்போதும் கேக்கு. காது டாக்டர்கிட்ட காமிச்சேன். காது நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு.

அது நயினார் விசிலு. ஆறுமுகநயினார்னு எனக்குக் கண்டக்டரா இருந்தவரு. ஒரே வண்டியில ரெண்டு பேரும் ஒரு ஆயுசு ஓட்டியிருக்கோம். நான் அவரு முகத்தைப் பாத்ததை விட கண்ணாடியில பாத்ததுதான் அதிகம். நெத்தியில திருநீறு அழியாது. காக்கிச் சட்டையில ஒரு சுருக்கம் இருக்காது. வயசான ஆளு யாராவது வந்து, ஐயா கொஞ்சம் ஒதுங்கணும்னு கேட்டா, முகம் சுளிக்காம ஒத்தை விசில் அடிச்சு வண்டியை நிறுத்துவாரு. அவரு மட்டும் ரோட்டோரம் இறங்க மாட்டாரு. டிப்போ வரணும், கதவு சாத்தணும், அப்பதான் அவருக்குப் போகும். கூச்சம். பொம்பளைப் பிள்ளை தோத்துரும், அப்படி ஒரு கூச்சம்.

அப்படிப்பட்ட ஆளு ஒரு நாள், நாங்க ரிட்டயர்டு ஆகப் போற வருஷம், திருவில்லிபுத்தூருக்கு இந்தப் பக்கம் பட்டப்பகல்ல ஒத்தை விசில் அடிக்காரு. கண்ணாடியில பாத்தா டிக்கெட் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அவரே இறங்குதாரு. கருவேலம் புதருக்குப் பின்னால போயிட்டாரு. போனவரு போனவருதான். வண்டியில ஜனம் முணுமுணுக்கு. நான் சும்மா ஒரு வேடிக்கைக்கு ஹாரன் அடிச்சேன். அடிச்சிட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னால உருட்டுனேன். பஸ்ஸே சிரிச்சுது அண்ணாச்சி, கைப்பிள்ளைக்காரி முதக்கொண்டு சிரிச்சா. அவரு ஓடி வந்து தொத்தி ஏறுனாரு. பேண்டு முன்னால நனைஞ்சிருந்துது. பையை அதுக்கு மேல தொங்கவிட்டுக்கிட்டு திருச்சி வரைக்கும் உக்காராமலே வந்தாரு. எல்லாரும் சிரிச்சோம், அவரும் சிரிச்சாரு. எங்களுக்குள்ள அப்படித்தான், ஒருத்தரை ஒருத்தர் ஓட்டிக்கிடுவோம்.

அதுக்குப் பொறகு அவரு ரோட்டுல இறங்குனதே இல்ல. மதுரை தாண்டுனா வாயில ஒரு சொட்டுத் தண்ணி படாது. அவரு கட்டுப்பாடு அப்படி.

ரிட்டயர்டு ஆன பொறகும் நாங்க விடல. சாயங்காலம் ஆனா வ.உ.சி. மைதானத்தைச் சுத்தி நடப்போம், பொறகு ஒரு டீ. முதல்ல டீயை விட்டாரு. வயித்துக்குச் சேரலைன்னாரு. பொறகு நடையில பாதியிலேயே வீட்டுக்குத் திரும்புவாரு. அவரு மக மெட்ராஸ்ல இருக்கா, பேத்திக்குக் காது குத்துனாங்க, தாத்தா போகலை. முட்டு வலிக்கி, அம்புட்டு தூரம் உக்கார முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அந்தப் பிள்ளை கோவிச்சுக்கிட்டு ஒரு வருஷம் அப்பாகிட்ட பேசல. முட்டு வலியாம். எங்கூட நடக்கும்போது நொண்டவா செஞ்சாரு?

மைதானத்துப் பக்கத்துல கட்டணக் கழிப்பறை ஒண்ணு உண்டு. போயி நின்னாருன்னா நின்னுக்கிட்டே இருப்பாரு. எனக்குப் பின்னால வந்தவன் எல்லாம் போயிருவான், இவரு சுவத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. ஒரு நாள் வெளிய வந்து கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டாரு.

"உமக்கு எப்படி வே? ஒண்ணுக்கெல்லாம் ஒழுங்காப் போகுதா?"

"எனக்கென்ன வே, குத்தாலம் தோத்துப் போகும்"னேன்.

அவரு சிரிச்சாரு. "குடுத்து வச்ச ஆளு வே நீரு"ன்னாரு. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. அதுக்குப் பொறகு அவரும் கேக்கல, நானும் எடுக்கல.

இந்தா, கயத்தாறு வந்துட்டு பாருங்க. வண்டியை எப்படி ஒடிக்கான், பின்னால உக்காந்திருக்கவன் குடல் வெளிய வந்திரும்.

எனக்கு இல்லைன்னு இல்ல அண்ணாச்சி. எனக்கும் அந்தத் தொந்தரவு இருந்துது. அவரு கேக்கதுக்கு முந்துன வருஷமே மதுரையில ஒரு டாக்டர்கிட்ட காமிச்சு மாத்திரை எடுத்துக்கிட்டிருந்தேன். நல்ல டாக்டரு. நான் டிரைவர்னு தெரிஞ்சதும் எனக்குத் தக்கன சொன்னாரு. ஆம்பளைக்கு மூத்திரப் பைக்குக் கீழ பிராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்காம். எலுமிச்சங்காய்க்கும் சின்னதா. மூத்திரக் குழாய் அதுக்கு நடுவுலதான் வருதாம். வயசாக ஆக அந்தச் சுரப்பி வீங்கும், குழாயை நெரிக்கும். டீசல் டியூபு மடங்குனா எஞ்சினு திணறும்லா, அந்த மாதிரி. போனாலும் முழுசாப் போகாது, மிச்சம் தங்கும், தங்குனது கிட்னிக்குத் திரும்பி ஏறும். அதுதான் ஆபத்து. புத்து நோய் இல்ல, பயப்படாதீங்க, உங்க வயசுல பாதிப் பேருக்கு இருக்குன்னாரு. ஒரு மாத்திரை குழாயைத் தளத்தும், இன்னொண்ணு மாசக்கணக்குல சுரப்பியைச் சுருக்கும். சளி மாத்திரையைக் கடையில கண்டபடி வாங்கித் திங்காதீங்க, அதுல சிலது ஒரேயடியா அடைச்சிரும்னும் சொன்னாரு. ஒரு மாசத்துல எனக்குப் பாதி சரியாயிட்டு.

அதையெல்லாம் ஊருக்குள்ள போயி சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? ஆம்பளைக்கு ஆம்பளை பேசுத பேச்சா இது? வீட்டுல சத்து மாத்திரைன்னுதான் சொல்லியிருக்கேன். இப்பவும் அவளுக்குத் தெரியாது.

எம் பொண்ணு கிரேஸுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சோம். நயினார்தான் மண்டபத்து வாசல்ல நின்னாரு. வாரவங்களுக்குச் சந்தனம் குடுத்து, பன்னீர் தெளிச்சு, உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு, எல்லாம் அவருதான். எங்க ஆளுங்க கேக்காங்க, இந்தத் திருநீறு போட்டவரு யாரு, உம்ம அண்ணனான்னு. ஆமான்னேன். அந்தப் பனியில அவருக்கு ஒரே மூக்கொழுகல். கைக்குட்டையும் கையுமா நின்னாரு. மாத்திரை போட்டிருக்கேன் வே, கேட்டுரும்னாரு. என்ன மாத்திரைன்னு நான் கேக்கல. கல்யாண வீட்டுல அதையெல்லாம் கேக்கவா நேரம் இருக்கு?

சர்ச்சுல தாலி கட்டி, மண்டபத்துக்கு வந்து, முதல் பந்தி உக்காந்தாச்சு. ஒருத்தர் வந்து, பிச்சையண்ணே, பாத்ரூம்ல யாரோ உள்ள போயி தாப்பா போட்டுக்கிட்டு திறக்க மாட்டேங்காங்கன்னாரு. போயி தட்டுனேன்.

"யாரு உள்ள?"

"பிச்சையா? நாந்தான் வே."

"என்னவே செய்யுதீரு?"

பொறகு மெதுவாச் சொல்லுதாரு, "வரல வே. விடியக்காலத்துலருந்து ஒரு சொட்டு வரல. எனக்கு என்னமோ பண்ணுது."

திறந்தாரு. முகம் சாம்பலாப் போயிருந்துது, வேர்த்து வழியுது. பட்டு வேட்டிக்கு மேல அடிவயிறு குடம் மாதிரி நிக்கி. எங்கையைப் புடிச்சாரு பாருங்க, அந்தப் புடி இன்னும் இங்க இருக்கு. வாசலுக்குக் கூட்டிட்டு வந்தா ஒரு வண்டி இல்ல. மாப்பிள்ளை பொண்ணு வந்த காரு மட்டும்தான் நிக்கி. ரோஜாவும் சரமும் வச்சு சோடிச்சு, பின்னால ரெண்டு பேரு பேரையும் ஒட்டியிருக்கு. அந்த டிரைவர் சாப்பிடப் போயிட்டான். சாவி வண்டியிலேயே இருந்துது. நயினாரைப் பின்னால படுக்க வச்சிட்டு நானே எடுத்தேன்.

ரோடு பூரா ஜனம் குனிஞ்சு குனிஞ்சு பாக்கு, பொண்ணு எப்படி இருக்கான்னு. சிக்னல்ல ஒரு சின்னப் பிள்ளை கண்ணாடிகிட்ட வந்து எட்டிப் பாத்துட்டுப் பயந்து ஓடுச்சு. கண்ணாடியில பாக்கேன், எப்பவும் போல பின்னால அவரு. மல்லியப் பூவுக்கு நடுவுல பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்காரு.

"மெதுவாப் போரும் வே. ஒவ்வொரு குழிக்கும் உசிரு போகுது."

"இந்தா வந்துட்டு வே, ஆஸ்பத்திரி."

"யாருட்டயும் சொல்லிராதேயும். வயித்து வலின்னு சொல்லிரும்."

"சரி வே."

"உலகம்மைகிட்டயும் அதேதான் சொல்லணும்." உலகம்மை அவரு வீட்டுக்காரி. பந்தியில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தா, பாவம்.

ஆஸ்பத்திரியில ஒரு ரப்பர் டியூபை உள்ள விட்டாங்க. அதுக்கு மேல ஒண்ணும் செய்யல. விட்ட மாத்திரத்துல அதுல மாட்டுன பை நிறையுது, மாத்துதாங்க, அதுவும் நிறையுது. நயினார் என்னைப் பாத்தாரு. கண்ணுல தண்ணியா ஓடுது. வலிக்கான்னு கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டுனாரு.

"இவ்வளவுதானா பிச்சை"ன்னாரு. "இவ்வளவுதானா வே."

டாக்டர் சின்ன வயசுக்காரரு. எத்தனை நாளா இந்தத் தொந்தரவுன்னு கேட்டாரு. நயினார், பஸ்ஸுல இருந்த காலத்துலருந்தேன்னாரு. டாக்டருக்குக் கோவம். படிச்ச மனுசன், பேப்பர் படிக்கீங்க, ஏன் ஒரு தடவை வந்து காட்டலைன்னு சத்தம் போட்டாரு. நயினார் சுவத்தைப் பாத்துக்கிட்டுச் சொன்னாரு, "எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன் சார். மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்லைன்னாங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. இத்தனை பேரு இருக்கோம் அவரைச் சுத்தி. பொண்டாட்டி இருக்கா. மக இருக்கா. மருந்துக்கடைக்காரன் இருக்கான், பாத்து விசாரிச்சு மாத்திரை குடுத்திருக்கணும்லா. ஒருத்தராவது அவரைக் கூப்பிட்டு, ஐயா இது எல்லாருக்கும் வாறதுதான், ஒரு மாத்திரையில கேக்கும்னு சொல்லியிருக்கலாம். ஒருத்தர் சொல்லல அண்ணாச்சி. நான் பட்டு வேட்டியோட அங்கதான் நிக்கேன். சட்டைப் பையில என் மத்தியான மாத்திரை இருக்கு, கல்யாண அலைச்சல்ல இன்னும் போடல. நர்ஸம்மாகிட்ட தண்ணி கேட்டு, வெளிய வராண்டாவுல நின்னு போட்டுக்கிட்டேன். பொறகு மண்டபத்துக்குப் போனேன், காரு வேணும்லா.

ஸ்கேன் எடுத்துப் பாத்தா ரெண்டு கிட்னியும் வீங்கிக் கெட்டுப் போயிருந்துது. இது இன்னைக்கு வந்தது இல்ல, ஆண்டாண்டு காலமாத் தேங்கித் தேங்கி வந்ததுன்னு டாக்டர் சொன்னாரு. நல்லாக் கேட்டுக்கிடுங்க, டாக்டரே சொன்னாரு. ஒரு மனுசன் ஒரு வார்த்தை சொல்லியோ சொல்லாமலோ வாறது இல்ல. அது உள்ளுக்குள்ள தன்னால வந்தது.

அந்த டியூபும் பையுமா வீட்டுக்கு வந்தாரு. நான் போயி பாப்பேன். பையை ஒரு துணிக்குள்ள மறைச்சு வச்சிருப்பாரு. என்ன சொன்னாரு தெரியுமா, "ராத்திரி முழுக்கத் தூங்குதேன் வே. இப்படித் தூங்கி எத்தனை வருஷம் ஆச்சு"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி சந்தோசப்படுதாரு. டயாலிசிஸ் வச்சாங்க. இடையில காய்ச்சல் கண்டுது, மூத்திரத்துல சீழ் வச்சு ரத்தத்துல கலந்துட்டுன்னாங்க. ஆடி மாசம் போயிட்டாரு.

பதினாறு அன்னைக்குப் போயிருந்தேன். உலகம்மை என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணு கேட்டா.

"அண்ணே, உங்ககிட்ட எல்லாம் சொல்லுவாகள்லா. எம்மேல அவுகளுக்கு என்ன வெறுப்பு?"

"வெறுப்பா? என்னம்மா பேசுதே?"

"நாலஞ்சு வருஷமாப் படுக்கையைத் தூக்கி முன்னறையில போட்டுக்கிட்டாக. கதவை வேற சாத்திக்கிடுவாக. நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேட்டுப் பாத்தேன், ஒண்ணும் இல்லைன்னுட்டாக. பொறகு கேக்கல. இப்பதான் அந்த மெத்தையை வெளிய எடுத்துப் போட்டோம். அடியில ரப்பர் சீட்டு விரிச்சு வச்சிருந்தாக. சுருட்டிச் சுருட்டிக் காய வச்ச துணி கிடக்கு."

அவ அழல அண்ணாச்சி. "இதுக்காண்ணே"ன்னு கேட்டா. அவ்வளவுதான். இதுக்காண்ணே. ஆம்பளைங்க அப்படித்தான்மான்னேன்.

வீட்டுக்கு வந்தும் அதேதான் மனசுல ஓடுச்சு. கூடப் படுத்தவளுக்கே ஒரு மனுசன் இப்படி மறைப்பானா? என்ன கல்லு மனசு. நானும் முன்னறையிலதான் படுக்கேன், அது வேற. நான் குறட்டை விடுவேன், அவ தூங்கணும்லா.

சாத்தூரா இது? நீங்க வேணா இறங்கிட்டு வாங்க, அஞ்சு நிமிசம் நிப்பான். நான் இறங்கல. எனக்கு இறங்கி ஒண்ணும் ஆகப் போறது இல்ல.

வந்துட்டீங்களா. சொல்லுதேன். அவரு போனதுலருந்து எனக்கு ஒரு தொந்தரவு. நான் ஒண்ணுக்குப் போயி நின்னா பக்கத்துல வந்து நிக்காரு. சிரிக்காதீங்க. பேயி கீயின்னு நான் நம்புத ஆளு கிடையாது, ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன். ஆனா நிக்காரு. காக்கிச் சட்டையோட, பையை முன்னால தொங்கவிட்டுக்கிட்டு, சுவத்தைப் பாத்து நிக்காரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அவருக்கு முன்னால எனக்கு எப்படி வரும்? வரமாட்டேங்கு. நீரு முதல்ல போயிட்டு வாரும் வே, நான் பொறகு வாரேன்னு சொல்லிக்கூடப் பாத்துட்டேன். நகர மாட்டேங்காரு. பகல்லயும் அப்படித்தான். வீட்டுக்காரி கதவைத் தட்டி, உள்ள யார்கூடப் பேசிக்கிட்டிருக்கீங்கன்னு கேக்கா.

மதுரை டாக்டர்கிட்ட இதைச் சொல்லல, வரமாட்டேங்குன்னு மட்டும் சொன்னேன். ஸ்கேன் பண்ணிப் பாத்தாரு. சுரப்பி இன்னும் பெருசாயிட்டு, மாத்திரைக்கு இனிமே அடங்காது, மிச்சம் நிறையத் தங்குது, கிட்னிக்கு ஏறதுக்குள்ள ஆபரேசன் பண்ணிருவோம்னாரு. வயித்தைக் கிழிக்க மாட்டாங்களாம். மூத்திரம் வார வழியாவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்திருவாங்களாம். மூணு நாள் படுத்திருந்தா வீட்டுக்குப் போயிரலாம், தண்ணி மாதிரிப் போகும்னாரு. டாக்டருக்கு அது சுரப்பி. சுரண்டுனா போயிரும்னு அவரு நெனைக்காரு. போனா நல்லதுதான். போகலைன்னா என்ன செய்யன்னுதான் எனக்குப் பயம். போயிட்டாலும் ஒரு மாதிரியாத்தான் இருக்கும், இல்லைன்னு சொல்ல மாட்டேன். எம்புட்டு வருஷம் பின்னால இருந்த ஆளு.

இன்னைக்குத்தான் சேரணும். ஆமா, இந்தப் பைதான், கைலி ரெண்டு, துண்டு ஒண்ணு. வீட்டுல கோயம்புத்தூர்ல ஒரு சிநேகிதன் வீட்டுக் கல்யாணம்னு சொல்லியிருக்கேன். அதுக்குப் போயி இந்தச் சட்டையைப் போட்டுட்டுப் போறீங்களான்னு அவ நல்ல சட்டை எடுத்துக் குடுத்தா. கிரேஸுக்கும் தெரியாது. பிள்ளை உண்டாகியிருக்கா, அவகிட்ட போயி இதைச் சொல்ல முடியுமா.

ஒரே ஒரு சிக்கல்தான். சேக்கும்போது கூட ஒரு ஆள் இருக்கணும்ங்காங்க. ஆஸ்பத்திரியிலருந்து ஒரு பிள்ளை போன்ல கேட்டுது, ஐயா உங்க கூட யாரு வாராங்க, பேரு சொல்லுங்கன்னு. நான் யோசிக்கக்கூட இல்ல அண்ணாச்சி. ஆறுமுகநயினார்னு வாயில வந்துட்டு. என்ன உறவுன்னு கேட்டுது. கண்டக்டர்னேன். அது சிரிச்சுக்கிட்டே, சரிங்கையா, அவரையும் கூட்டிக்கிட்டு வந்திருங்கன்னு சொல்லி போனை வச்சிட்டு.

திருமங்கலம் தாண்டியாச்சு. உங்களுக்கு மதுரையில அவசர சோலி ஒண்ணும் இல்லையே? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதான் ஆஸ்பத்திரி, நடந்தே போயிரலாம். பெட்டுல சேக்குத வரைக்கும் கூட நின்னாப் போதும், பொறகு நீங்க உங்க வழியில போயிருங்க. பேச வேண்டியதே இல்ல, எல்லாம் நான் பேசிக்கிடுதேன். பேரு கேட்டா மட்டும் ஆறுமுகநயினார்னு சொல்லிருங்க.